தூளி ஒரு பக்கம், சாரம் ஒரு பக்கம்: கைக்குழந்தையோடு சென்னையில் பழைய வீட்டைப் புதுப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் வீடு என் மாமனாரின் அப்பா 1940-களில் கட்டியது. வாசலில் சின்னத் திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு, மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். என் மகள் பிறந்த கார்த்திகையில் அந்தத் தளம் மூன்று இடத்தில் ஒழுகியது. கூடத்தில் பித்தளை அண்டா, அறையில் வாளி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு இட்லிக் குண்டான். இனித் தள்ளிப்போட முடியாது. ஒரு வருஷம் வாடகைக்குப் போய் இருந்துகொண்டு இங்கே வேலையும் பார்க்கிற அளவுக்குக் கையில் பணமும் இல்லை. குழந்தையும் கொத்தனாரும் ஒரே வீட்டில்தான் என்று ஆனது.

தையில் தொடங்கிய வேலை ஆடி வரை நடந்தது. அதில் கடைசி நாலு மாதம்போல் அப்படி இருந்தோம். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் குழந்தையின் மாதக் கணக்கை எழுதுங்கள்

வீட்டு வேலை என்றதும் எல்லோரும் முதலில் கூப்பிடுவது மேஸ்திரியை. அவர் வந்து பார்த்து, தன் ஆட்கள் எப்போது கிடைப்பார்கள் என்பதை வைத்து வரிசை சொல்வார். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது சரி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்த வேலை எப்போது என்பதைக் குழந்தையின் வயதுதான் தீர்மானிக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் வளர்ச்சியை இரண்டிரண்டு மாதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் தளர்நடை போட்டு வரும் வாரானை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த வரிசையைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டு வேலையை எழுதினேன்.

காப்புப் பருவத்தில் குழந்தை போட்ட இடத்தில் கிடக்கும். நாம் காக்க வேண்டியது அது சுவாசிக்கும் காற்றை. தளம், சுவர், இடிப்பு என்று தூசி பறக்கும் வேலையெல்லாம் அதற்குள் முடிய வேண்டும், அல்லது குழந்தை வேறு வீட்டில் இருக்க வேண்டும். செங்கீரைக்குள் பைப்பும் கரண்டு வேலையும். தால் பருவத்தில் உட்காரும், கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகும். எனவே அதற்குள் தரை. சப்பாணியில் தவழ்ந்து, எதையாவது பிடித்து நிற்கும். அதற்குள் பெயிண்ட் வாடை போயிருக்க வேண்டும். வாரானைக்குள் கிணறு, சம்ப், மாடிப்படி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். சில குழந்தைகள் முந்தும், சில பிந்தும். என் மகள் ஏழாம் மாதக் கடைசியிலேயே தவழ்ந்துவிட்டாள். ஒரு மாதம் முன்னதாகவே கணக்கு வையுங்கள்.

இன்னொரு கணக்கு மழை. சென்னைக்கு வருஷ மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில்தான். தளத்தைப் பிரிக்கும் வேலைக்குத் தை மாதம்போல் ஏற்ற காலம் இல்லை. ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் தொடங்கினால் ஆறேழு மாதம் தொடர்ந்து கிடைக்கும். எங்களுக்குக் குழந்தை கார்த்திகையில் பிறந்ததால் இரண்டு கணக்கும் ஒத்துவந்தன. ஆடி, ஆவணியில் பிறந்த குழந்தை என்றால் அவசரப்பட வேண்டாம். ஒழுகுகிற இடத்தை மட்டும் தற்காலிகமாக அடைத்து, ஒரே ஒரு அறையைச் சரிசெய்துகொண்டு, மீதியை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. இடிக்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தட்டிப் பாருங்கள்

மேஸ்திரி, ஆசாரி, எலக்ட்ரீஷியன் மூவரையும் ஒரே நாளில் வரச்சொல்லுங்கள். முடிந்தால் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழகிய ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரையும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் அல்ல.

மெட்ராஸ் டெரஸ் என்பது மரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வரிசையில் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டை ஒட்டிய தளம். பாரம் முழுக்க அந்தக் கட்டைகளின் மேல். ஒழுகுகிறதே என்று மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே நைந்த கட்டைக்கு இன்னும் சுமை ஏற்றுவது அது. தயவுசெய்து செய்யாதீர்கள். தட்டோடு மட்டும் கெட்டிருந்தால் அதைப் பெயர்த்துவிட்டு, சுருக்கி என்கிற செங்கல் தூளும் சுண்ணாம்பும் போட்டுப் புதுத் தட்டோடு ஒட்டலாம். கட்டையே போயிருந்தால் அந்தப் பகுதியை முட்டுக்கொடுத்துக் கட்டையை மாற்ற வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு தூளிக் கொக்கி உண்டு. என் மாமனார், என் கணவர் இரண்டு பேரும் ஆடிய கொக்கி. மகளுக்கும் அதில்தான் தூளி என்று மாமியார் தன் பழைய பருத்திப் புடவையைத் துவைத்து மடித்தே வைத்துவிட்டார். ஆசாரி ஏணி போட்டு ஏறி, உளியின் பின்பக்கத்தால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முதல் இரண்டும் கணீரென்றன. கொக்கி இருந்த கட்டை பொத்தென்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது மாவு மாதிரி மரத்தூளும் நாலைந்து வெள்ளைக் கரையானும் கீழே விழுந்தன. வெளியே இருந்து பார்த்தால் பெயிண்ட் அடித்த நல்ல தேக்கு. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழைய வீட்டுக் கொக்கியில் தூளி கட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் இரும்புத் தூளி ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே பார்க்க வேண்டியவை இன்னும் சில. மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங், எர்த் இருக்கிறதா இல்லையா, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, பின்கட்டுச் சாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா என்பது. கதவு ஜன்னலில் எத்தனை அடுக்கு பெயிண்ட் இருக்கிறது என்பதும்.

3. இடிப்பு, தாய்வீட்டு மாதங்களில்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவர் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். சாஸ்திரம் ஒருபக்கம் இருக்கட்டும். பழைய சுவரையும் பழைய பெயிண்டையும் இடித்தால் என்ன பறக்கும் என்று தெரிந்தபின், அந்தச் சொல்லை நான் மதித்தே நடந்தேன். பிரசவத்துக்குப் போன பெண் மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாய்வீட்டில் இருந்து வரும் வழக்கமும் நமக்கு இருக்கிறது. உடைக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சமயம் கிடைக்காது. நான் காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். என் கணவரும் மாமனாரும் இங்கே மாம்பலத்தில் தளத்தைப் பிரித்தார்கள். தாய்வீடு அமையாதவர்கள் அந்த ஐந்தாறு வாரத்துக்காவது குழந்தையோடு உறவினர் வீட்டிலோ சின்ன வாடகை வீட்டிலோ இருந்துவிடுங்கள். மற்றச் செலவைக் குறைத்து இதற்கு ஒதுக்குங்கள்.

ஈயம் என்பதுதான் காரணம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல்தான் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் நிறையவே இருக்கலாம். பழைய ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நம் வீடுகளில் அடித்ததெல்லாம் எனாமல்தான். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கற்கும் திறனையும் கவனத்தையும் அது பாதிக்கும், போனது திரும்பாது. சின்ன உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் உடம்பு இன்னும் அதிகமாக.

ஆகவே பழைய பெயிண்டை எமரி மிஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது. சூடு காட்டி உரிக்கவும் கூடாது. பெயர்ந்து வராமல் நன்றாக ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சீண்டாமல் அதன் மேலேயே புதுக் கோட் அடிப்பது நல்லது. உரிந்துவருவதை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, கீழே விரித்த பாலித்தீன் ஷீட்டோடு சுருட்டி எடுக்க வேண்டும். நாங்கள் ஏழு ஜன்னலையும் கழற்றி ஆசாரியின் பட்டறைக்கே அனுப்பிவிட்டோம். அங்கும் ஈரமாக்கித்தான் சுரண்டச் சொன்னோம். கழுவின கம்பிதான் வீட்டுக்குள் வந்தது. குழந்தை ஏற்கெனவே அந்தத் தூசியில் இருந்துவிட்டது என்று பயம் இருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், அறுக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். சம்மட்டியால் ஒரு போடு போட்டால் அரை மணியில் முடியும் என்று ஆட்கள் சொல்வார்கள். விடாதீர்கள். அவர்களுடைய நுரையீரலுக்கும் அது கெடுதல்.

உடைத்த ரப்பிஷ் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. பழைய செங்கல் குவியலில் பூரானும் தேளும் உடனே குடியேறும். தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. எப்படி அனுப்புவது என்று 1913-க்குப் பேசினால் சொல்வார்கள். மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடிவையுங்கள். தெருப் பூனைகள் அதில்தான் அசுத்தம் செய்யும்.

4. ஒரே ஒரு அறை, முழுசாக

வீடு மொத்தத்தையும் பாதிப் பாதியாக நிறுத்தி வைத்துக்கொண்டு குழந்தையோடு உள்ளே வராதீர்கள். ஒரு அறையும் அதை ஒட்டிய பாத்ரூமும் தரை, பூச்சு, கரண்டு, பெயிண்ட் எல்லாம் முடிந்து, வாடை போய், துடைத்து, பூட்டியிருக்க வேண்டும். அந்த அறைக்குத்தான் நானும் மகளும் பங்குனிக் கடைசியில் வந்தோம். வேலை நடக்கும் இடத்துக்கு எதிர்க்கோடியில், தெற்கு ஜன்னலில் சாயங்காலம் கடல்காற்று வரும் அறை. மற்ற வீடெல்லாம் கொத்திப்போட்டுக் கிடந்தபோது அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி எங்களைக் காப்பாற்றியது.

அறையை அடைக்கும் முறையை விவரமாகச் சொல்கிறேன். தடித்த பாலித்தீன் ஷீட் பாரிமுனைப் பக்கம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கதவு நிலையின் வெளிப்பக்கம் ஒரு ஷீட்டை மேலும் இரு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, நடுவில் கீழிருந்து மேலாக ஒரு கோடு கிழியுங்கள். அதன் மேல் இன்னொரு ஷீட்டை மேற்பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். நுழையும்போது தொங்குவதைத் தூக்கி, கிழிசல் வழியாக உள்ளே போக வேண்டும். தானாக விழுந்து மூடிக்கொள்ளும். கதவுக்கடியில் இருக்கும் இடைவெளிக்குப் பழைய புடவையைச் சுருட்டி ஈரமாக்கி வையுங்கள்.

வாசலில் ஈரச் சாக்கு ஒன்று. காலைத் துடைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வர வேண்டும், செருப்பு வெளியே. என் கணவர் சாரத்தில் ஏறி இறங்கிய சட்டையோடு குழந்தையைத் தூக்க மாட்டார். கை, முகம் கழுவி, சட்டை மாற்றிவிட்டுத்தான் தூக்குவார். வேலை உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வெளியே தள்ளும்படி வையுங்கள். காற்று குழந்தை அறையிலிருந்து வேலை அறைக்குப் போக வேண்டும், அங்கிருந்து இங்கே வரக் கூடாது. ஊதுபத்தியைக் கதவோரம் காட்டினால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஏசி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். வேலை நடக்கும் அறையில் ஏசி இருந்தால் ஷீட் போட்டு மூடிக் கட்டிவிடுங்கள்.

துடைப்பத்தை இந்த மாதங்களில் ஓரமாக வைத்துவிடுங்கள். பெருக்கினால் நுண்தூசி எழும்பி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். ஈரத்துணிதான். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணியை அலசிப் பிழிய. குழந்தை அறையில் ஆரம்பித்து வாசலை நோக்கித் துடைத்துக்கொண்டு போங்கள். ஃபேன் இறக்கை, ஜன்னல் விளிம்பு, கட்டில் சட்டத்தின் அடி ஆகியவற்றையும் தினமும் ஒரு கை பாருங்கள். நாள் இரண்டு வேளை எனக்கு இருபது நிமிஷம் ஆனது.

5. ஆட்களோடு பேசிக்கொள்ள வேண்டியவை

வேலை தொடங்கும் முன்பே, அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, குழந்தையைப் பற்றிப் பேசிவிடுங்கள். பாதியில் சொன்னால் வருத்தம்தான் மிஞ்சும். நாங்கள் கேட்டவை இவ்வளவுதான். கொத்துவது, ட்ரில் போடுவது காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள். அந்த நேரத்தில் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு பெரியம்மா வீட்டுக்கோ பார்க்குக்கோ போய்விடுவேன். மத்தியானம் சாப்பாட்டு நேரமும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் சத்தமில்லாத வேலை. டைல்ஸ், கிரானைட் வெட்டுவதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. மொட்டைமாடியில், தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும். காய்ந்த கல்லை வெட்டினால் பறக்கும் சிலிக்கா தூசி வெட்டுகிறவரின் நுரையீரலையே அரித்துவிடும்.

எங்கள் மேஸ்திரி நாலு பிள்ளை வளர்த்தவர். கேட்டுவிட்டு, "பாப்பா தூங்குதுன்னா ஒரு சிவப்புத் துணி கட்டிடும்மா வாசல்ல. பசங்க பாத்துக்குவாங்க" என்றார். கதவு நிலையில் ஒரு பழைய ஜாக்கெட் துணி ஆடிக்கொண்டிருக்கும். அது இருந்தால் மிஷின் ஓடாது, பட்டி பார்க்கிற வேலை ஓடும். மூன்று மாதத்தில் அது தவறியது இரண்டு தடவைதான்.

வயரைப் பிளக் இல்லாமல் நேராகப் பாயிண்ட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குவது எல்லா இடத்திலும் நடக்கும். அனுமதிக்காதீர்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மெயின் போர்டில் கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்சை வேலையின் முதல் வாரமே போட்டுவிடுவது உங்களுக்கும் அவர்களுக்கும் பாதுகாப்பு. சாயங்காலம் ஆட்கள் கிளம்பும்போது ஆணி, வயர் துண்டு, ஸ்க்ரூ எல்லாம் ஒரு டப்பாவில் வந்துசேர வேண்டும். ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும். அளவு பார்க்கும் லேசர் கருவிகளில் சில பட்டன் பேட்டரியில் ஓடுபவை. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். எண்ணி வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்கள் சித்தாள் ஒருத்திக்குப் பத்து மாதப் பையன். முதல் நாள் முருங்கை மரத்தடியில் சேலையைக் கட்டி அவனைப் போட்டிருந்தாள். நான் என் மகளுக்கு ஷீட் ஷீட்டாக ஒட்டிக்கொண்டிருந்தேன், அவன் பத்தடி தள்ளி எம் சாண்ட் சலிக்கிற தூசியில் படுத்திருந்தான். அவனுக்குத் திண்ணையை ஒட்டிய முன்னறையைத் திறந்துவிட்டோம். அதற்கும் ஒரு ஷீட், ஒரு ஃபேன், என் மாமியாரின் பார்வை. சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வைத்ததால் அவள் கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கப் போவாள். உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் கைக்குழந்தை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

6. தண்ணீர்

வீட்டு வேலை என்றால் எங்கு பார்த்தாலும் தேங்கிய தண்ணீர். சிமெண்ட் வேலைக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் போன்ற பொஸோலானா கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாள் நீர் காட்ட வேண்டும். பாத்தி கட்டித் தேக்கிய அந்த நீர்தான் டெங்கு கொசுவுக்கு வேண்டியது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தேக்குவதற்குப் பதில் நனைத்த சாக்கைப் போர்த்தி, மேலே தண்ணீர் தெளித்து வாருங்கள். தேக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு நாளுக்கு ஒருமுறை வடித்து, தரையைத் தேய்த்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். பெயிண்ட் டப்பா, பாண்டு, டிரம் எல்லாவற்றையும் இரவில் கவிழ்த்து வையுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும், அந்தக் கொசு கடிப்பது பகலில்.

தவழும் குழந்தை அரை வாளித் தண்ணீரில் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. கலவைக்கு வைத்த டிரம்மோ, கை கழுவ வைத்த வாளியோ, குழந்தை நடமாடும் உயரத்தில் நிரம்பி நிற்கக் கூடாது. சம்ப்புக்கு இரும்பு மூடி, அதில் பூட்டு. கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை, அதற்கும் பூட்டு. நாங்கள் கிணற்றை மூடிவிடவில்லை. மொட்டைமாடி மழைநீரை மணல் வடிகட்டி வழியாக அதில் விட்டிருக்கிறோம்.

சுண்ணாம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீர்க்கும்போது அது கொதிக்கும். நீர்த்த சுண்ணாம்பு வாங்கிவிடுங்கள், வீட்டில் நீர்க்க வேண்டாம். சுண்ணாம்போ ஈரச் சிமெண்டோ குழந்தையின் தோலை வேகவைத்துவிடும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை இருபது நிமிஷம் தொடர்ந்து ஊற்றிவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐயும் பக்கத்து ஆஸ்பத்திரி நம்பரையும் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆட்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

7. சுவர், வெயில்

ஓதம் ஏறிய பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினால் ஒரு வருஷம் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பின் உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் குழந்தைக்கு மூக்கடைப்பும் இளைப்பும் விடாது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே. காய நாளாகும், கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம், கூலியும் கூடுதல். இருந்தும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கத்திரி வெயிலுக்குள் தளத்தின் மேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ முடித்துவிடுங்கள். வித்தியாசத்தை மத்தியானம் மூன்று மணிக்குக் குழந்தையின் கழுத்து வியர்க்குருவில் பார்க்கலாம்.

8. தரை, பெயிண்ட், மரவேலை

சிவப்பு ஆக்ஸைடு தரை நன்றாக இருந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். எங்கள் கூடத்தில் இரண்டு விரிசலை மட்டும் அடைத்து, ஈரமாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தோம். கோடையில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் வீட்டில் இல்லை, தவழும் முட்டிக்கும் இதமாக இருக்கும். புது டைல்ஸ் போடுவதானால் வழுக்காத சொரசொரப்பான ரகம் பாருங்கள்.

குழந்தை இருக்கும் பக்கத்துக்கு வாடை குறைந்த, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் போதும். எனாமல், தின்னர், பியு பாலிஷ் எல்லாம் கழற்றி எடுத்துப்போய் வெளியே அடிக்க வேண்டியவை. மைக்கா ஒட்டும் பசையின் வாடை தலைவலி வரவைக்கும். அலமாரி வேலையைப் பட்டறையிலேயே செய்து, அங்கேயே இரண்டு வாரம் காற்றாட வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளைவுட்டில் ஈ-0 அல்லது ஈ-1 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதில் ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவரும். பெயிண்ட் அடித்த அறையில் ஒரு வாரமாவது ஜன்னல்களைத் திறந்து ஃபேன் ஓட வேண்டும், அப்புறம்தான் குழந்தை.

கரையான் மருந்தைத் தரை போடும் முன், வீட்டில் குழந்தை இல்லாத நாளில் அடித்துவிடுங்கள். என்ன மருந்து என்று டப்பாவில் படியுங்கள். வாடை முழுக்கப் போகும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஷட்டர் வைத்த பிளக் பாயிண்ட், மாடிப்படிக்குக் கீழும் மேலும் சின்ன கேட், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமை. தலை நுழையும் இடைவெளி எங்கிருக்கிறது என்று உட்கார்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

9. தரையில் விடும் முன்

ஆட்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போனபின் மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, தரையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். ராத்திரி விட்டுவிடுங்கள். காற்றில் மிதக்கும் தூசி அதற்குள் இறங்கிவிடும். மறுநாள் மறுபடி. மூன்றாம் நாள் ஒரு வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, கூடத்தின் மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள்.

எங்களுக்கு முதல் நாள் அது சிமெண்ட் நிறத்தில் வந்தது. இரண்டாம் நாள் டீக்கறை மாதிரி. மூன்றாம் நாள் ஆடிப்பெருக்கு. மாமியார் சித்திரான்னம் கிளறிக்கொண்டிருந்தார். மாமனார்தான் துண்டை இழுத்தார், முட்டி போட்டு, மெதுவாக. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். இடுப்பிலிருந்த மகளை இறக்கிவிட்டேன். சிவப்புத் தரையில் இரண்டு கையையும் பதித்து, புதுக் கட்டை மாட்டிய உத்தரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சமையலறை வாசனை வந்த பக்கம் போனாள்.